புராணமா, சமூகமா? தமிழ் நாடக மதிப்புரையும் திரைப்பட வகைமைகளின் தரவரிசையும் (1931–1954)

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க காலத்தில் புராணப் படம் தாழ்ந்தது, சமூகப் படம் உயர்ந்தது என்னும் தரவரிசை இதழியல் மதிப்புரைகள் வழியாக நிலைபெற்றது. இத்தரவரிசை திரைப்படத்தை முன்வைத்துப் பிறந்ததன்று. கம்பெனி நாடகங்களைப் பற்றிய படித்தோர் மதிப்பீட்டிலிருந்து பெயர்ந்து வந்தது. மேடையில் புராணக் கதைக்கு இருந்த நிகழ்காலத் தன்மை படச்சுருளில் இறுகியதைக் கணக்கில் கொள்ளாமல், அவ்விறுக்கத்தை வகைமையின் குறையாகவே மதிப்புரையாளர் கண்டனர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கம்பெனி நாடகம், ஸ்பெஷல் நாடகம், புராணப் படம், சமூகப் படம், மதிப்புரை, தணிக்கை.

முன்னுரை

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் திரையிடப்பெற்ற ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படுகிறது. எச்.எம். ரெட்டி இயக்கிய இப்படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். உடன் நடித்தோரின் உரையாடலில் தெலுங்கும் கலந்திருந்தது. இதன் படி இன்று கிடைப்பதில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ படமும் அவ்வாறே அழிந்துபோயிற்று. 1930களின் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான்.

படங்கள் அழிந்து மதிப்புரைகள் எஞ்சியிருக்கும் சூழலில், மதிப்புரையே மூலச் சான்றாகி விடுகிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மதிப்புரையாளர் எந்த வகைப் படத்தை மதித்தாரோ அதுவே வரலாற்றிலும் மதிப்புப் பெறுகிறது; அவர் ஒரே சொல்லில் ஒதுக்கியது வரலாற்றிலும் ஒரே சொல்லாகச் சுருங்குகிறது. ‘முதல் பத்தாண்டுகளில் தமிழ்த் திரை புராணக் குப்பையில் கிடந்தது, பின்னர்ச் சமூகப் படங்கள் தோன்றி அதை மீட்டன’ என்ற பொருள்பட இன்றும் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் காணப்பெறும் கூற்று, 1930களின் மதிப்புரை மொழி ஆய்வு மொழியாக மாறியதன் விளைவே ஆகும். அம்மொழி எங்கிருந்து வந்தது என்பதைத் தேடுவதற்குத் திரையரங்கை விட்டு நாடகக் கொட்டகைக்குள் செல்ல வேண்டும்.

நாடகவியலும் நாடகக் கொட்டகையும்

தமிழில் நாடகத்தை வகைப்படுத்தும் முயற்சி திரைப்படத்திற்கு முந்தியது. பரிதிமாற் கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். வடமொழி நாடக இலக்கண மரபையும் ஆங்கில நாடகக் கொள்கையையும் உடன்வைத்து நோக்கிய நூல் அது. விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ (1926) ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் மரபோடு பொருத்திக் காட்டிற்று. இவ்விரு நூல்களும் நாடகத்திற்கு இலக்கியத் தகுதி தேடியவை. ஆயின், அவை எழுதப்பட்ட நாள்களில் மதுரையிலும் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் இரவுதோறும் விடியும்வரை நடந்துகொண்டிருந்த நாடகங்களுக்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை.

அந்நாடகங்களுள் பெரும்பகுதி சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ஆக்கங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், லவகுசா, அபிமன்யு சுந்தரி ஆகியவை ஒவ்வொரு கம்பெனியிலும் நடிக்கப்பட்டன. 1918இல் மதுரையில் அவர் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற சிறுவர்களே பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்களாக அறியப்பட்டனர். மறுபுறம், 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபை வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் பொழுதுபோக்காக நடித்த அவையாகும். பம்மலாரின் நாடகங்களில் உரைநடைக்கே முதன்மை, பாட்டுக் குறைவு, காட்சி ஒழுங்கு உண்டு, குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியும்.

நாடக மதிப்புரை என்பது சபா நாடகத்தின் உடன்பிறப்பு. இதழ் படிப்பவர் சபா நாடகம் பார்ப்பவர். மதிப்புரை எழுதுபவரும் அவ்வட்டத்தைச் சேர்ந்தவரே. எனவே நேரக் கட்டுப்பாடு, உரையாடல் தெளிவு, இயல்பான நடிப்பு, பாட்டுக்கு உரிய இடம் ஆகிய சபா அளவுகோல்களே நாடகம் முழுமைக்குமான அளவுகோல்களாயின. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதி இவ்வகை எழுத்தின் சிறந்த சான்று. இசை, நாட்டியம், நாடகம், பேசும்படம் அனைத்தையும் ஒரே பேனா மதிப்பிட்டது. நகைச்சுவை கலந்த அந்நடை தமிழ் விமரிசனத்திற்குப் பெரும் வாசகப் பரப்பைத் தேடித் தந்தது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், கச்சேரி மேடையின் ஒழுங்கைக் கொட்டகையிலும் எதிர்பார்க்கும் மனநிலையை அது வாசகரிடம் வேரூன்றச் செய்தது.

தெரிந்த கதையின் பயன்

கம்பெனி நாடகத்தைப் பற்றிய முதன்மைக் குறைபாடு, ஒரே கதையைத் திரும்பத் திரும்ப நடிக்கிறார்கள் என்பது. இக்குறைபாட்டைச் சற்று விரிவாக ஆராய வேண்டும். புராணப் படத்தின் மீதான பழிக்கும் இதுவே வித்து.

கம்பெனிகளிலிருந்து பிரிந்த நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தமாகி ஒரே இரவில் ஒன்றுகூடி நடிக்கும் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் முறையை எடுத்துக்கொள்வோம். வேலனாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும் வள்ளியாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும் வருவர். நாரதர் மூன்றாவது ஊர்க்காரர். ஒத்திகை கிடையாது. இயக்குநர் என ஒருவர் இல்லை. இருந்தும் நாடகம் விடிய விடிய நடக்கும். கதையும் பாட்டும் காட்சி வரிசையும் எல்லார்க்கும் தெரிந்தவை என்பதனால்தான் இது கைகூடியது. தெரிந்த கதை இங்கே சோம்பலின் அடையாளமன்று. முன்பின் அறியாத நடிகர்கள் ஒன்றுசேர்ந்து தொழில் செய்வதற்கான உடன்படிக்கை. அதனுள்ளே ‘தர்க்கம்’ எனப்படும் பகுதிகளில் நடிகர்கள் தம் சொல்வன்மையைக் காட்டினர். வள்ளிக்கும் நாரதருக்கும் நிகழும் தர்க்கம் அன்றைய இரவில், அந்த ஊரில், அந்த இருவர்க்கிடையே நிகழ்வது. மறுநாள் அது வேறாகும். இரசிகர் கதையைக் கேட்க வரவில்லை. இன்று என்ன சொல்லப் போகிறார்கள் என்பதைக் கேட்கவே வந்தனர்.

விடுதலைப் போராட்டக் காலத்தில் இந்நெகிழ்ச்சி அரசியல் பயன் பெற்றது. விசுவநாத தாஸ் (1886–1940) வேலன் வேடம் பூண்டு தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் இடத்தில், வெள்ளைக் கொக்கை வெள்ளை ஆட்சிக்கு உருவகமாக்கிப் பாடினார். வள்ளி திருமணத்தில் பறவை விரட்டும் காட்சி முன்னரே உண்டு. அவர் புதிதாக ஒரு காட்சியைச் சேர்க்கவில்லை. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அளித்திருந்தது. ஆயினும் முருகன் வள்ளியை மணந்த கதையை எவ்வாறு தடைசெய்வது? அரசால் நாடகத்தைப் பிடிக்க முடியவில்லை, நடிகரைப் பிடித்தது. விசுவநாத தாஸ் பலமுறை சிறை சென்றார்.

இதற்கு நேர்மாறாக, தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’ (1922) போன்ற நாடகங்கள் தேசியக் கருத்தை வெளிப்படையாகத் தலைப்பிலேயே கொண்டிருந்தன. நாடக வரலாறுகளில் பாவலரின் நாடகங்கள் ‘தேசிய நாடகம்’ எனத் தனி வகையாகின்றன. விசுவநாத தாஸின் வள்ளி திருமணம் ‘புராண நாடகம்’ என்ற தலைப்பின்கீழ் நின்றுவிடுகிறது. கதைப்பொருளை மட்டும் கொண்டு வகை பிரிப்பதனால் நேரும் பிழை இது. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ (1981) மேடைப் பாடகர்களின் தேசியப் பணியை விரிவாக வெளிக்கொணர்ந்த பின்னரும் வகைமைப் பெயர்கள் மாறவில்லை.

கொட்டகையிலிருந்து படச்சுருளுக்கு

‘காளிதாஸ்’ இம்மேடை நெகிழ்ச்சியோடுதான் பிறந்தது. காளிதாசனின் கதைக்குத் தொடர்பில்லாத குறத்தி நடனமும் தியாகராசர் கீர்த்தனைகளும் காந்தியின் இராட்டையைப் போற்றும் பாட்டும் அதில் இடம்பெற்றன. பிற்கால நோக்கில் இவை ஒட்டாத துணுக்குகள்; கொட்டகை இரசிகருக்கோ வழக்கமானவை.

தொடர்ந்து வந்த ‘வள்ளி திருமணம்’ (1933), ‘பவளக்கொடி’ (1934), ‘லவகுசா’ (1934) ஆகியவை மேடையில் வெற்றிபெற்றவற்றின் படவடிவங்கள். கே. சுப்ரமண்யம் இயக்கிய ‘பவளக்கொடி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமானார். பாட்டு, கதை, நடிகர் அனைவரும் மேடையிலிருந்து வந்தனர். ஒன்று மட்டும் வரவில்லை: தர்க்கம். படத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் இடையில் எழும் சொற்போர் ஒருமுறை பதிவாகிவிட்டால் எல்லா ஊரிலும் எல்லா இரவிலும் அதுவே. மேலும் 1918ஆம் ஆண்டின் ஒளிப்படக்காட்சிச் சட்டத்தின்படி, திரையிடுவதற்கு முன்பே தணிக்கைக் குழுவின் சான்று பெற வேண்டும். மேடையில் போலீசார் பாட்டைக் கேட்ட பின்னரே நடவடிக்கை எடுக்க முடிந்தது. திரையில் பாட்டு ஒலிப்பதற்கு முன்பே வெட்ட முடிந்தது. ‘இன்று என்ன சொல்லப் போகிறார்’ என்ற எதிர்பார்ப்பை இழந்த புராணக் கதை, வெறும் தெரிந்த கதையாக எஞ்சிற்று.

எனவே 1930களின் மதிப்புரையாளர் புராணப் படங்களில் கண்ட சலிப்பு பொய்யன்று. பாட்டின் மிகுதி, அசையாத ஒளிப்படக் கருவி, மேடைத் திரைச்சீலை போன்ற பின்னணி ஆகியவை பற்றிய குறைகளும் ஏற்கத்தக்கனவே. பிழை காரணத்தைக் கண்டறிந்ததில் இருந்தது. ஊடகம் மாறியபோது நிகழ்ந்த இழப்பைப் புராணத்தின் இயற்கைக் குணமாக அவர்கள் எழுதினர். அத்துடன் இரசிகர் மீதான இகழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. தரை டிக்கெட்டு வாங்கி மண்ணில் அமர்ந்து பார்ப்பவனுக்காகவே புராணப் படம் எடுக்கப்படுகிறது என்னும் கருத்து அக்கால எழுத்துகளில் வெளிப்படையாகவே காணப்படுகிறது. தமிழ்ப் பண்பாட்டு மேட்டுக்குடியினரின் திரைப்பட அச்சத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதியது இங்கு நினைக்கத்தக்கது. எல்லாச் சாதித் தமிழரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கம் திரையரங்கமே எனக் கா. சிவத்தம்பி சுட்டிய செய்தியோடு இதைச் சேர்த்துப் படித்தால், வகைமை பற்றிய விவாதத்தில் அருகில் யார் அமர்ந்திருக்கிறார் என்ற கேள்வியும் மறைந்திருந்தமை புலப்படும்.

‘சமூகம்’ என்னும் சொல்

சமூகப் படம் என்ற பெயர் எதைக் குறித்தது? நடைமுறையில், கதை மாந்தர் சமகால உடையில் தோன்றினால் அது சமூகப் படம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவி டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த ‘மேனகா’ 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாயிற்று, என்.எஸ். கிருஷ்ணன் அதன்வழித் திரைக்கு வந்தார். தமிழின் தொடக்கச் சமூகப் படங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. துப்பறியும் நாவல்களை மேடைக்குத் தக்கவாறு மாற்றிக் கொடுத்த எம். கந்தசாமி முதலியாரின் பங்கு இவ்விடத்தில் பெரிது. அவரைப் பற்றித் தனி ஆய்வு தேவை.

அடுத்த ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ வெளிவந்தது. எம்.ஜி.ஆரின் முதல் படம் என்ற வகையில் இன்று நினைவுகூரப்படும் இப்படம், எஸ்.எஸ். வாசன் எழுதிய கதையை அடிப்படையாகக் கொண்டது. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘பதிபக்தி’ நாடகத்தை நடித்துவந்தோர், கதை தம்முடையது என வழக்குத் தொடுத்தனர். இரு கதைகளுக்குமே எல்லன் வுட் என்னும் ஆங்கில நாவலாசிரியையின் மதுவிலக்கு நாவலான ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ மூலம் என்பது வாசனின் வாக்குமூலத்தால் வெளிப்பட்டதும் வழக்கு வலுவிழந்தது. நகைப்புக்குரிய இந்நிகழ்ச்சி வகைமை வரலாற்றிற்கு ஒரு நல்ல சான்று. புராணம் கடன் வாங்கிய பழங்கதை, சமூகம் நம் வாழ்விலிருந்து எழுந்த புதுக்கதை என்ற எதிர்நிலை இங்கே நிற்கவில்லை. தலைப்புகளையும் நோக்க வேண்டும்: ‘சதி’, ‘பதிபக்தி’. குடிகாரக் கணவனைப் பொறுத்துக் காத்திருக்கும் லீலாவதி, நளாயினியின் வழித்தோன்றல். உடை மாறியது, அறம் மாறவில்லை.

மறுதலையாக, புராணம், பக்தி, வரலாறு எனப் பெயர் சூட்டப்பெற்ற படங்களுள் சில, சமூகச் சிக்கலைச் சமூகப் படங்களைவிடக் கூர்மையாகத் தொட்டன. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தை ஒட்டிக் கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘பக்த நந்தனார்’ (1935), தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினியின் ‘நந்தனார்’ (1942), கே. சுப்ரமண்யத்தின் ‘பக்த சேதா’ (1940) ஆகியவை தீண்டாமையை மையமாகக் கொண்டவை. சந்திரகுப்தன் கதையாகிய ‘மாத்ருபூமி’ (1939) தேசிய எழுச்சியை வரலாற்று உடையில் காட்டிற்று. நந்தனார் படங்களின் தீர்வு தீக்குளிப்பும் தெய்வ அருளுமாக முடிவதனால் அவற்றின் கூர்மை மழுங்கிவிட்டது என்பார் உளர். அதில் உண்மை உண்டு. ஆயின் அதே குறை ‘சதி லீலாவதி’க்கும் பொருந்தும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

கே. சுப்ரமண்யத்தின் ‘தியாகபூமி’ (1939) உண்மையிலேயே வேறுபட்டது. கல்கியின் கதை ஆனந்த விகடனில் படக்காட்சிகளோடு தொடராக வர, படமும் உடன் உருவாயிற்று. கணவனின் கொடுமைக்கு உட்பட்ட பெண் பின்னர்ச் செல்வம் பெற்று, அவனோடு மீண்டும் வாழ மறுத்து, அவனுக்கு வாழ்க்கைப் பணம் தரத் தயார் என்று நீதிமன்றத்தில் கூறுகிறாள். இங்கே உடையோடு அறமும் மாறியது. அரசு இப்படத்தைத் தடைசெய்தது. தடைக்கு அதன் தேசிய இயக்கக் காட்சிகள் காரணமாயின; வைதிகர் சினத்திற்கு நீதிமன்றக் காட்சி போதுமானதாயிருந்தது. வகைமையின் பெயரால் அன்று, அவ்வகைமைக்குள் செய்துகாட்டியதனால் அது சிறப்புற்றது.

ஒரு மதிப்புரையும் ஒரு படமும்

1940களில் நாடக மேடை மீண்டும் விவாதக் களமாயிற்று. 1944இல் ஈரோட்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் முயற்சியால் நாடகக்கலை மாநாடு கூடியது. திராவிட இயக்கத்தார் புராண நாடகத்தைக் கொள்கை அடிப்படையிலேயே எதிர்த்தனர். மூடநம்பிக்கையையும் வருண அடுக்கையும் அது பரப்புகிறது என்பது அவர்தம் வாதம். சபா விமரிசகரின் சுவை சார்ந்த மறுப்பும் இயக்கத்தாரின் அரசியல் மறுப்பும் ஒரே முடிவில் வந்து சேர்ந்தன. நோக்கத்தில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள்.

இவ்விரண்டும் சந்தித்த இடமாகச் சி.என். அண்ணாதுரையின் ‘ஓர் இரவு’ நாடகத்திற்குக் கல்கி எழுதிய மதிப்புரையைக் கொள்ளலாம். கே.ஆர். ராமசாமியின் குழுவினர் நடித்த அந்நாடகத்தைக் கண்ட கல்கி, அரசியலில் தமக்கு மாறுபட்டவராகிய ஆசிரியரைப் பெர்னார்ட் ஷா, இப்சன் போன்றோர் வரிசையில் வைத்துப் பாராட்டினார். மாற்றுக் கருத்தினரின் படைப்பைத் தகுதி நோக்கி மதித்த அவ்வுரை தமிழ் மதிப்புரை வரலாற்றில் பெருமைக்குரியது. பாராட்டின் அளவுகோல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் கவனத்திற்குரியது. தமிழ் நாடகம் ஒன்று உயர்ந்தது எனக் காட்ட ஐரோப்பியச் சமூக நாடகமே உரைகல்லாயிற்று. ஒரே இரவில் நிகழும் கட்டுக்கோப்பு, உரைநடை வாதம், சமகால உடை ஆகிய சபா அளவுகோல்கள் அனைத்தும் நிறைவேறின.

1951இல் ஏ.வி.எம். நிறுவனம் அதைப் ப. நீலகண்டன் இயக்கத்தில் படமாக்கியது. மேடையில் ஓர் இரவுக்குள் அடங்கியது திரையில் பின்னோக்குக் காட்சிகளாலும் பாட்டு நடனங்களாலும் பெருகியது. மேடையில் பெற்ற புகழைத் திரையில் பெறவில்லை. இரண்டாண்டுகள் முன்னர் வந்த ‘வேலைக்காரி’ (1949) வெற்றிபெற்றிருந்தது. மறு ஆண்டில் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திற்கு மு. கருணாநிதி திரைவசனம் தீட்டிய ‘பராசக்தி’ (1952) பெருவெற்றி கண்டது. ‘வேலைக்காரி’, ‘பராசக்தி’ ஆகிய இரண்டிலும் நீதிமன்றக் காட்சியே உச்சம் என்பது தற்செயலன்று. வாதி, எதிர்வாதி, அடுக்குமொழி, கேட்டுக் கைதட்டும் அவை: இது ஸ்பெஷல் நாடகத்தின் தர்க்கம். கோயிலையும் பூசாரியையும் சாடிய படங்கள், தாம் எதிர்த்த புராண மேடையின் உத்தியைக் கொண்டே மக்களைச் சென்றடைந்தன. பம்மலாரின் ‘மனோகரா’வுக்கு நேர்ந்ததும் அதுவே. சபா உரைநடையில் எழுதப்பட்ட அந்நாடகம் 1954இல் கருணாநிதியின் வசனத்தோடு எல்.வி. பிரசாத் இயக்கத்தில் திரைக்கு வந்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்ட மகனும் அரசனும் அரசவையில் நிகழ்த்தும் சொற்போருக்காகவே நினைவில் நின்றது.

கிந்தனார்

1949இல் வெளியான ‘நல்லதம்பி’ சமூகப் படம். அதன் நடுவே என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்தும் ‘கிந்தனார்’ காலட்சேபம் வருகிறது. நந்தன் சரித்திரத்தின் கதாகாலட்சேப வடிவம், இசைமுறை, இடைப்பேச்சு ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரம் போகத் துடித்த நந்தனுக்குப் பதிலாகக் கல்வி கற்கச் சென்னைக்குப் போகத் துடிக்கும் கிந்தனை அவர் பாடுகிறார். தீக்குளிப்பு இல்லை; தேர்வில் தேறிக் கல்வி அதிகாரியாகத் தன் ஊருக்கே அவன் திரும்புகிறான். இப்பகுதியைப் பகடி என்று மட்டும் சொல்லிவிடுவது வழக்கம். பகடிக்கு ஆளாவது நந்தனின் கதையா, அக்கதைக்கு வழங்கிவந்த முடிவா என்பது தனியே கேட்கத்தக்கது. வடிவத்தின் மீது கிருஷ்ணனுக்கு ஏளனம் இல்லை. அதன் தாளமும் நெளிவும் அறிந்தவராகவே பாடுகிறார். நந்தனாரைத் தெரிந்த இரசிகனுக்கே கிந்தனார் முழுமையாகச் சுவைக்கும். தெரிந்த கதையின் பயன் திரையிலும் முற்றாக அழிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை.

இதழ்களில் படமதிப்புரையைத் தேடும் ஆய்வாளர், அதே படங்களின் பாட்டுப் புத்தகங்களையும் உடன்வைத்துப் படிப்பது பயன்தரும். காலணா, அரையணா விலைக்குக் கொட்டகை வாசலில் விற்ற அச்சிறு நூல்களில் கதைச் சுருக்கமும் பாட்டுகளும் நடிகர் பட்டியலும் உள்ளன. மதிப்புரையாளர் புராணப் படம் என ஒரு வரியில் ஒதுக்கியவற்றுள் கதைக்குப் புறம்பான தேசியப் பாட்டுகள் எத்தனை, அவை எந்தக் காட்சியில் நுழைக்கப்பட்டன, 1937இல் காங்கிரசு அமைச்சரவை அமைந்த பின்னரும் 1939இல் அது விலகிய பின்னரும் அவற்றின் எண்ணிக்கை எவ்வாறு மாறிற்று என்பவை இன்னும் எண்ணப்படாதவை. படச்சுருள் அழிந்தாலும் அவ்வெண்ணிக்கைக்குத் தடையில்லை.